கடைசிச் சொல் யாருடையது? பல்கலைக்கழகங்களும் பன்னாட்டு அமைப்புகளும் சேர்ந்து செய்யும் ஆய்வு

காலநிலை, தொற்றுநோய், வறுமை போன்ற எல்லை கடந்த பிரச்சினைகளில் ஒரு பல்கலைக்கழகத் துறை ஐக்கிய நாடுகள் அமைப்புகளோடும் உலக வங்கி போன்ற நிறுவனங்களோடும் சேர்ந்து ஆய்வு செய்வது நடைமுறையில் எப்படி நடக்கிறது, அதனால் கொள்கை உண்மையிலேயே மாறுகிறதா, கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இத்தகைய உடன்பாடுகளின் வரைவுகளைப் படித்துத் திருத்துவதில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டாண்மையின் தன்மையை அதன் பெயரோ, தொகையோ, கையெழுத்து விழாவின் புகைப்படமோ காட்டாது. ஆய்வின் முடிவு யாருக்காவது கசந்தால், அப்போதும் அதை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதைக் கணிக்க முடியும்.

இரு தரப்புக்கும் ஒருவர் மற்றவரிடம் என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குவோம். பன்னாட்டு அமைப்பிடம் அமைச்சகங்களின் கதவைத் திறக்கும் அதிகாரம் இருக்கிறது. நூறு நாடுகளிலிருந்து ஒரே வடிவில் தரவு கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதன் அலுவலர்கள் உறுப்பு நாடுகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்; ஒரே கேள்வியை மூன்று ஆண்டுகள் துருவிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பதவிக்காலமும் இல்லை. பல்கலைக்கழகத்திடம் முறையியல் இருக்கிறது, முனைவர் பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள், பொறுமை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அரசுக்கும் கட்டுப்படாதவர்கள் என்ற பெயர் இருக்கிறது. அமைப்பு உண்மையில் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். “இது நாங்கள் சொல்வதல்ல, ஆய்வாளர்கள் கண்டது” என்று ஓர் உறுப்பு நாட்டிடம் சொல்ல முடிவது அதற்குப் பெரிய பலம். அந்தப் பெயர் கெட்டால், பல்கலைக்கழகம் அமைப்புக்கே பயனற்றதாகிவிடும் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பும் மறந்துவிடுவதுண்டு.

கூட்டாண்மை என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. யுனெஸ்கோ 1992இல் தொடங்கிய இருக்கைத் திட்டத்தில், அதாவது ஒரு துறைக்கான ஆய்வுப் பொறுப்பை அதன் பெயரில் நிறுவும் திட்டத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பெயரும் வலைப்பின்னலும் கிடைக்கும். செலவைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையங்களும், அதாவது தன் பணிகளுக்கு உதவ அது தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களும், ஏறக்குறைய அப்படித்தான். 80க்கும் மேற்பட்ட நாடுகளில் 800க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இவை விண்ணப்பம் போட்டவுடன் கிடைப்பவை அல்ல. குறைந்தது 2 ஆண்டுகள் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து திட்டமிட்டு வேலை செய்த பிறகே பரிந்துரை நகரும், தகுதி அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்படும், பொதுவாகப் பணம் எதுவும் அதனோடு வராது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் வேறொரு வகை. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் 1969இல் முன்வைத்த யோசனையின் விளைவாக 1973இல் பொதுச்சபை அதன் சாசனத்தை ஏற்றது. தலைமையகம் டோக்கியோவில் அமைந்தது. ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்திலிருந்து அதற்கு நிதி வருவதில்லை. நிதியறக்கட்டளையின் வருவாயிலும் நாடுகளின் நன்கொடையிலும் அது நடக்கிறது. ஆய்வுச் சுதந்திரத்தைச் சாசனத்திலேயே எழுதிக்கொண்டவர்கள் நிதியையும் தனியே பிரித்து வைத்தது தற்செயல் அல்ல என்பது என் கணிப்பு.

இவற்றுக்கு அப்பால் நாள்தோறும் நடப்பது சாதாரண ஆலோசனை ஒப்பந்தம். ஓர் அமைப்புக்கு ஓர் அறிக்கை வேண்டும், பேராசிரியர் ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், பணம் வாங்குகிறார். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதையும் ஆய்வுக் கூட்டாண்மை என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும் பழக்கம் குழப்பத்தை உண்டாக்குகிறது.

மதிப்பீட்டுக் குழுக்கள் தனி இனம். 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டரசுக் குழு, தானாக எந்த ஆய்வையும் செய்வதில்லை. ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிட்டுத் தொகுப்பதே அதன் வேலை. எழுதுபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் சம்பளம் வாங்குபவர்கள். குழுவிடமிருந்து ஊதியம் பெறுவதில்லை. 2021இல் வந்த ஆறாவது மதிப்பீட்டின் முதல் பணிக்குழு அறிக்கைக்கு 234 ஆசிரியர்கள். அவர்கள் மேற்கோள் காட்டிய ஆய்வுகள் 14,000க்கு மேல். வரைவுகள்மீது வந்த கருத்துரைகள் 78,007. இதை உழைப்பாகக் கணக்கிட்டால், உலகின் பல்கலைக்கழகங்கள் சத்தமில்லாமல் கொடுத்த மிகப் பெரிய நன்கொடைகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

அந்த அறிக்கையின் அத்தியாயங்களில் கடைசிச் சொல் ஆசிரியர்களுடையது. ஆனால் அமைச்சர்களும் பத்திரிகையாளர்களும் படிக்கும் கொள்கை வகுப்பாளர்களுக்கான சுருக்கம் அப்படி அல்ல. அரசுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து அதை வரிவரியாக ஏற்றால்தான் அது வெளிவரும். அத்தியாயங்களில் உள்ள அறிவியலுக்கு முரணாக ஒரு வரியை எழுதச் செய்ய அரசுகளால் முடியாது. ஆனால் ஒரு வரியையோ படத்தையோ எடுத்துவிட முடியும். 2014 ஏப்ரலில் பெர்லினில், உமிழ்வைக் குறைக்கும் வழிகளை ஆராயும் மூன்றாம் பணிக்குழுவின் சுருக்கத்தை ஏற்கும் கூட்டத்தில் அதுதான் நடந்தது. நாடுகளை வருமான வகைப்படி பிரித்து பசுங்குடில் வாயு உமிழ்வு எப்படி வளர்ந்தது என்று காட்டிய படங்கள் சுருக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. காலநிலைப் பேச்சுவார்த்தையில் யார்மீது சுமை விழும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. முழு அறிக்கையில் அந்தத் தரவு அப்படியே இருக்கிறது. தேடிப் படிப்பவர் காணலாம். இதைத் தணிக்கை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அரசுகள் வரிவரியாக ஒப்புக்கொண்ட ஆவணம் என்பதால்தான் பின்னர் எந்த அரசும் அதை மறுத்துப் பேச முடியாமல் போகிறது. அந்தப் பலனுக்குக் கொடுத்த விலை அது. ஆனால் விலை கொடுத்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதே குழு 2007இல் வெளியிட்ட நான்காவது மதிப்பீட்டில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற ஒரு வாக்கியம் நுழைந்தது. அதன் மூலம் சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்வு அல்ல, ஓர் அமைப்பின் அறிக்கை. 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் உலகின் அறிவியல் கழகங்களின் கூட்டவை அதன் நடைமுறைகளை ஆராய்ந்து மாற்றங்களைப் பரிந்துரைத்தது. சுற்றில் இருக்கும் ஓர் அறிக்கை மற்றோர் அறிக்கையை மேற்கோள் காட்ட, அதை மூன்றாவது மேற்கோள் காட்ட, கடைசியில் எல்லாரும் நம்பும் உண்மையாக அது மாறிவிடுவது அமைப்புகளின் உலகில் அடிக்கடி நடப்பது. அந்தச் சங்கிலியை முதல் கண்ணிவரை பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலைக்குத்தான் பல்கலைக்கழகம் வேண்டியிருக்கிறது.

கூட்டாய்வு ஒரு கருவியாகவே மாறி நிலைத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, பல்பரிமாண வறுமைக் குறியீடு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வறுமை, மனித வளர்ச்சி ஆய்வு முயற்சியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2010இல் இதை வெளியிட்டன. அடிப்படை முறை சபினா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் என்ற பொருளியலாளர்கள் இருவருடையது. கணக்கு எளிது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என மூன்று பரிமாணங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. உடல்நலத்தின்கீழ் ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு ஆகிய இரண்டுக்கும் தலா ஆறில் ஒன்று. கல்வியின்கீழ் படித்த ஆண்டுகள், பள்ளிக்குப் போவது ஆகியவற்றுக்கும் அப்படியே. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள் ஆறுக்கும் தலா பதினெட்டில் ஒன்று. குறைகளின் மொத்த எடை மூன்றில் ஒன்றை எட்டினால் அந்த வீட்டார் வறியவர்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு வீட்டில் விறகில் சமைக்கிறார்கள், கழிப்பறை இல்லை, மின்சாரம் இல்லை. மூன்று குறைகள், மொத்தம் பதினெட்டில் மூன்று, கோட்டுக்குப் பாதிதான். அந்த வீடு வறியதல்ல. பக்கத்து வீட்டில் இம்மூன்று குறைகளும் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைவு, யாரும் 6 ஆண்டுகள் படித்து முடிக்கவில்லை. ஆறில் இரண்டு, அதாவது சரியாக மூன்றில் ஒன்று. அந்த வீடு வறியது. இந்தத் தீர்ப்பு சரியா என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் எந்த எடை எங்கே வைக்கப்பட்டது என்பது முழுவதும் வெளிச்சத்தில் இருப்பதால்தான் அந்த வாதமே சாத்தியமாகிறது. ஒரு நாட்டின் புள்ளியியல் துறை தன் சூழலுக்கு ஏற்பச் சுட்டிகளை மாற்றிக்கொண்டு சொந்தக் குறியீடு அமைத்துக்கொள்ளவும் முடிகிறது. கொலம்பியா அதை 2011லேயே செய்தது. கூட்டாளிகள் எப்போதும் ஒருமித்து நடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2014இல் ஐ.நா. தரப்பு சில சுட்டிகளின் வரையறையை மாற்ற, ஒரே பெயரில் இரண்டு வகைக் கணக்கு சில காலம் உலவியது. 2018இல் இருவரும் சேர்ந்து திருத்திய வடிவம்தான் அந்தக் குழப்பத்தை முடித்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கை. அதன் வித்தும் கல்விசார் ஆய்வுதான்: 85 நாடுகளில் ஒரு தொழிலைத் தொடங்க எத்தனை நடைமுறைகள், எத்தனை நாட்கள், எவ்வளவு செலவு என்று அளந்து ஹார்வர்ட், யேல் பொருளியலாளர்களும் உலக வங்கியைச் சேர்ந்த ஒருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரை. அது 2003 முதல் ஆண்டுதோறும் வரும் அறிக்கையானது, பின்னர் நாடுகளைத் தரவரிசைப்படுத்தவும் தொடங்கியது. தரவரிசை பிரபலமாகப் பிரபலமாக, நாடுகள் தம் இடத்தை உயர்த்திக்கொள்ளும் வேலையில் இறங்கின. அறிக்கையைத் தயாரித்த நிறுவனமோ அதே நாடுகளின் பங்கு மூலதனத்தில் இயங்குவது. 2018, 2020 அறிக்கைகளின் தரவில் முறைகேடுகள் இருந்தது தெரியவந்தது. 2021 செப்டம்பரில் வங்கி அந்த அறிக்கையையே நிறுத்தியது. ஆய்வுக் கட்டுரையாக இருந்தபோது அந்த அளவீட்டைப் பற்றிய சண்டை ஆய்விதழ்களின் பக்கங்களில் நடந்தது. அமைப்பின் கைக்குள் முழுவதும் போன பிறகு அது நிர்வாகத்தின் மாடி அறைகளில் நடந்தது. வங்கியின் ஆய்வுப் பணியை 2006இல் மதிப்பிட்ட, பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் தலைமையிலான வெளிக்குழுவும் ஏறத்தாழ இதே நோயைத்தான் சுட்டியிருந்தது: நல்ல ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன, ஆனால் சில ஆய்வுகள் வங்கியின் கொள்கைக்குப் பிரசாரமாக, சான்றுகளைச் சமநிலையோடு பார்க்காமல் பயன்படுத்தப்பட்டன என்று.

பல்கலைக்கழகம் தனியாகச் செய்திருக்கவே முடியாத வேலைகளும் உண்டு. 2015இல் கினியில் எபோலா தடுப்பூசியைச் சோதித்த வளையத் தடுப்பூசி ஆய்வு அப்படிப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் கினி அரசும் முன்னின்றன. நார்வேயின் பொதுச்சுகாதார நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, பெர்ன் பல்கலைக்கழகம், லண்டன் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி உள்ளிட்டவை சேர்ந்தன. நோய் கண்டவரோடு தொடர்பில் இருந்தவர்கள், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள் என ஒரு வளையத்தை அடையாளம் கண்டு, சில வளையங்களுக்கு உடனேயும் சிலவற்றுக்கு 21 நாட்கள் கழித்தும் தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட 5,837 பேரில் 10 நாட்களுக்குப் பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. போட்டுக்கொள்ளாதவர்களில் 23 பேருக்கு வந்தது. வளையங்களை வகுத்த யோசனையும் புள்ளியியலும் ஆய்வாளர்களுடையவை. கொள்ளைநோயின் நடுவே கிராமங்களுக்குள் போக வழி திறந்தது அரசும் பன்னாட்டு அமைப்பும். ஒன்று இல்லாமல் மற்றது நடந்திருக்காது.

இனி, கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை. இங்கேதான் ஆய்வாளர்கள் பொறுமை இழந்து, சட்டப்பிரிவு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு. ஐ.நா. அமைப்புகளின் பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி, ஒப்பந்தத்தின்கீழ் உருவாகும் ஆவணங்களும் தரவும் வழக்கமாக அமைப்புக்கே சொந்தம். ஒரு கட்டடம் கட்டித் தருபவருக்கும் ஒரு மென்பொருள் விற்பவருக்கும் எழுதப்பட்ட அதே நிபந்தனைகள் ஆய்வாளரின் தலையிலும் வந்து விழுகின்றன. நான் பார்த்த ஒரு வரைவில், முனைவர் பட்ட மாணவி ஒருவர் தான் களத்தில் சேகரித்த நேர்காணல்களைத் தன் ஆய்வேட்டில் பயன்படுத்தவே எழுத்துவழி அனுமதி பெற வேண்டும் என்று இருந்தது. யாரும் கெட்ட நோக்கத்தோடு எழுதியதல்ல. படிவத்தில் இருந்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். கேட்டவுடன் மாற்றித் தந்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால்?

வெளியீட்டுப் பிரிவில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். அமைப்புக்கு வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்பது நியாயம். 30 நாட்களோ 60 நாட்களோ அவகாசம் கொடுக்கலாம். “கருத்து” என்ற இடத்தில் “ஒப்புதல்” என்று இருந்தால், கடைசிச் சொல் கைமாறிவிட்டது. அதற்கு இணங்குவதானால், அதைச் சேவை ஒப்பந்தம் என்று அழையுங்கள், ஆய்வு என்று அழைக்காதீர்கள்.

சட்ட விலக்குரிமை பல்கலைக்கழக வழக்கறிஞர்களைத் திணறடிக்கும் இன்னோர் இடம். 1946ஆம் ஆண்டின் ஐ.நா. சலுகைகள், விலக்குரிமைகள் உடன்படிக்கையின்படி அந்த அமைப்பை எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாது. தகராறு வந்தால் ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ராலின் விதிகளின்படி நடுவர் தீர்ப்புதான். “எங்கள் நாட்டுச் சட்டமே செல்லும்” என்ற வரிக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். அவர்கள் விட்டுத்தர மாட்டார்கள். அந்த நேரத்தை வெளியீட்டுப் பிரிவில் செலவிடுங்கள். பெயர், சின்னம் விஷயமும் அப்படியே. ஐ.நா. சின்னத்தின் பயன்பாட்டை 1946இலேயே பொதுச்சபை தீர்மானம் கட்டுப்படுத்திவிட்டது. துறையின் அறிவிப்புப் பலகையில் அனுமதியின்றி அதைப் போட முடியாது.

உரிமம் பற்றிப் பேசுவது இப்போது எளிதாகியிருக்கிறது. உலக வங்கி 2012இல் திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றது. 2013 இறுதியில் பன்னாட்டு அமைப்புகளுக்கென்றே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், அதாவது ஒரு படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமங்கள், வந்தன. ஒத்துழைப்பு மையம் போன்றவற்றுக்கு முயல்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகம் யாரிடம் நன்கொடை வாங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்ற விதிமுறைகள் கல்வி நிறுவனங்களையும் அரசுசாரா தரப்புகளில் ஒன்றாக வைத்து ஆராய்கின்றன, புகையிலைத் தொழிலோடான தொடர்பு அங்கே பெரும் தடை.

யார் சேகரிக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஏழை நாட்டில் இருக்கும் கூட்டாளி கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போவதும், பணக்கார நாட்டில் இருக்கும் கூட்டாளி முதல் ஆசிரியராவதும் இத்துறையின் பழைய அவலம். 2010இன் நகோயா நெறிமுறை மரபணு வளங்களைப் பொறுத்தவரை பலனைப் பகிர வேண்டும் என்று சட்டமாக்கியது. ஆனால் சமூக ஆய்வுத் தரவுக்கு அத்தகைய பன்னாட்டுச் சட்டம் இல்லை. ஆகவே ஆசிரியர் வரிசை, தரவு எந்த நாட்டின் சேவையகத்தில் இருக்கும், திட்டம் முடிந்த பின் யார் அதை மீண்டும் பயன்படுத்தலாம் என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கொள்கை மாறுகிறதா? மாறுகிறது, ஆனால் அறிக்கை வெளியிட்ட மறுவாரம் அல்ல. ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் 1972இல் பனிப்போரின் இரு பக்கத்து நாடுகளும் சேர்ந்து அமைத்த பயன்முறை அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பல்கலைக்கழகம் அல்ல, ஆனாலும் இங்கே பொருந்தும். ஐரோப்பாவின் அமில மழையைக் கணக்கிட அது உருவாக்கிய மாதிரி, எந்த நாட்டின் ஆலை எந்த நாட்டின் காட்டை அரிக்கிறது என்று காட்டியது. 1994இல் ஒஸ்லோவில் கையெழுத்தான கந்தக நெறிமுறையில், எல்லாருக்கும் ஒரே விழுக்காடு குறைப்பு என்ற பழைய வழியை விட்டு, நாட்டுக்கு நாடு வேறுபட்ட இலக்குகளை வைக்க அந்தக் கணக்கே அடிப்படையாயிற்று. அந்த மாதிரி எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமாக இல்லாததால் எல்லாரும் அதன் எண்களை வைத்துப் பேரம் பேச முடிந்தது. தொடக்கத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே ஓடியது பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. மூன்று ஆண்டு மானியத்தில் இதை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

உங்கள் துறைக்கு இப்போது எந்த அமைப்போடும் தொடர்பு இல்லை என்றால், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தொடங்க வேண்டாம். கையெழுத்தாகி இழுப்பறையில் உறங்கும் அத்தகைய தாள்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. அமைப்பின் குறிப்பிட்ட அலுவலர் ஒருவர் பதில் தேடிக்கொண்டிருக்கும் குறிப்பிட்ட கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு சிறு வேலையைச் செய்து காட்டுங்கள். இளம் ஆய்வாளர்களுக்கு இன்னும் எளிய வாசல் உண்டு. ஐபிசிசி அறிக்கைகளின் வரைவுகளுக்கு மதிப்பாய்வாளராக, தம் துறை அறிவைத் தாமே அறிவித்துப் பதிவு செய்துகொள்ளலாம்; எந்த அரசும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. அனுப்பும் ஒவ்வொரு கருத்துரைக்கும் ஆசிரியர்கள் பதில் எழுதியாக வேண்டும், அறிக்கை வந்த பிறகு கருத்துரையும் பதிலும் சேர்த்தே வெளியிடப்படும். 78,007 என்று மேலே சொன்ன எண்ணில் முனைவர் பட்ட மாணவர்கள் அனுப்பியவையும் அடக்கம்.